ஸ்பானிஷில் அப்பாயின்ட்மென்ட் நேரத்தை உறுதிசெய்வது எப்படி? புதிதாகக் கற்பவர்களுக்கான முழுமையான வழிகாட்டி

ஸ்பெயினுக்குப் படிக்கவோ வேலைக்கோ போய் இறங்குபவருக்கு, பெட்டியைப் பிரித்து முடிப்பதற்குள் மூன்று நான்கு அப்பாயின்ட்மென்ட்கள் வரிசையில் நிற்கும். நகராட்சியில் முகவரிப் பதிவு, காவல்துறையின் வெளிநாட்டவர் பிரிவில் கைரேகை, வங்கிக் கணக்கு, அப்புறம் ஏதாவது ஒரு காய்ச்சலுக்குச் சுகாதார மையம். ஆறு மாதத்துக்கு மேல் தங்குகிற விசாவில் வந்தவர்கள், நாட்டுக்குள் நுழைந்த ஒரு மாதத்துக்குள் வெளிநாட்டவர் அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்க வேண்டும். இவற்றில் பெரும்பாலானவற்றுக்கு 'ஸீத்தா ப்ரேவியா' தேவை. அதாவது முன்கூட்டியே வாங்கிய நேரம். அது இல்லாமல் வாசலில் போய் நின்றால் பல அலுவலகங்களில் காவலாளியைத் தாண்ட முடியாது. மாட்ரிட், பார்சலோனா போன்ற நகரங்களில் அந்த நேரம் கிடைப்பதே பெரும்பாடு. கிடைத்ததைத் தவறவிட்டால் மறுபடி வாரக்கணக்கில் காத்திருக்க நேரிடும்.

மொழி அரைகுறையாக இருக்கும்போது எல்லோருக்கும் வருகிற பழக்கம் ஒன்று உண்டு. எதிர்முனையில் நேரத்தைப் படபடவென்று சொல்வார்கள்; நாம் "ஸீ, ஸீ, க்ராஸியாஸ்" என்று சொல்லி போனை வைத்துவிடுவோம். அது ஒப்புக்கொள்வதுதான், உறுதிசெய்வது இல்லை. கேட்ட நேரத்தை நம் வாயால், முடிந்தவரை வேறு மாதிரி திருப்பிச் சொல்ல வேண்டும். 'ஸீ' சொல்வது எதிர்முனையின் வேலையாக இருக்க வேண்டும். கீழே வருவதெல்லாம் அதற்கான தயாரிப்பு.

தமிழ் எழுத்தில் படிக்கும் முன்

ஸ்பானிஷ் உச்சரிப்பு தமிழருக்குச் சுலபம். அவர்களுடைய 'த' நம்முடைய 'த' போலவே பல்லில் நாக்கு பட வரும், 'ட' ஆகாது. மூக்கொலியான 'ஞ' நம்மிடம் அப்படியே இருக்கிறது. ர, ற வேறுபாட்டை நாக்கில் காட்டிப் பழகியவர்களுக்கு அவர்களுடைய இரண்டு ரகரங்களும் சிரமம் தராது.

இரண்டு எச்சரிக்கைகள். இங்கே 'ஸ' என்று எழுதியிருக்கும் சில இடங்களில் மாட்ரிட்காரர்கள் நாக்கைப் பல்லிடுக்கில் வைத்து, காற்று கலந்த 'த' போல ஒலிப்பார்கள். 'தோஸெ' (பன்னிரண்டு) அவர்கள் வாயில் கிட்டத்தட்ட 'தோத்தெ' ஆகும். லத்தீன் அமெரிக்கா முழுக்க 'ஸ'தான். நீங்கள் 'ஸ' என்றே சொல்லலாம், எங்கும் புரியும். இன்னொன்று, சொல்லின் தொடக்கத்தில் வரும் 'ப'. 'பியெர்னெஸ்' (வெள்ளி) என்பதில் 'பஸ்'ஸில் வரும் ப. 'பெர்ஃபெக்தோ'வில் 'பல்'லில் வரும் ப. காதால் கேட்டுத்தான் பிடிக்க வேண்டும்.

படி 1: எந்த நாட்டில் எந்தச் சொல்

ஸ்பெயின், மெக்சிகோ, கொலம்பியாவில் அப்பாயின்ட்மென்ட் என்றால் 'ஸீத்தா'. அர்ஜென்டினாவில் மருத்துவரிடம் வாங்குவது 'துர்னோ'. சிலியில் 'ஓரா', அதாவது வெறும் 'மணி', என்றே கேட்பார்கள். ஸ்பெயினிலும் பல் மருத்துவரிடம் 'பெதீர் ஓரா' (மணி கேட்பது) என்று சொல்வதுண்டு. ஸீத்தாவுக்குக் காதலர் சந்திப்பு என்ற பொருளும் இருப்பதால், "நாளை எனக்கு ஒரு ஸீத்தா" என்று மொட்டையாகச் சொன்னால் அலுவலகத்தில் சிரிப்பார்கள். 'ஸீத்தா மேதிகா' (மருத்துவ நேரம்) என்று சொல்லிவிட்டால் வம்பில்லை.

படி 2: தேவையான எண்கள் மட்டும்

நேரத்துக்கு ஐம்பத்தொன்பதைத் தாண்டி எண் தேவையில்லை. அதற்கு மேல் உள்ளவற்றைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

ஒன்று முதல் பன்னிரண்டு வரை: உனா, தோஸ், த்ரெஸ், குவாத்ரோ, ஸின்கோ, ஸெயிஸ், ஸியெத்தெ, ஓச்சோ, நுவேவெ, தியேஸ், ஓன்ஸெ, தோஸெ.

பதின்மூன்று முதல் இருபது வரை: த்ரெஸெ, கத்தோர்ஸெ, கின்ஸெ, தியெஸிஸெயிஸ், தியெஸிஸியெத்தெ, தியெஸியோச்சோ, தியெஸினுவேவெ, பெயின்த்தெ. பிறகு முப்பது த்ரெயின்த்தா, நாற்பது குவாரென்த்தா, ஐம்பது ஸின்குவென்த்தா.

குழப்பம் தருபவை மூன்று ஜோடிகள். தோஸ்–தோஸெ (2, 12), த்ரெஸ்–த்ரெஸெ (3, 13), ஸெயிஸ்–ஸியெத்தெ (6, 7). போனில் சத்தம் தேய்ந்து வரும்போது கடைசி 'எ' காணாமல் போய்விடும். இவற்றில் எது காதில் விழுந்தாலும் திருப்பிக் கேட்காமல் விடாதீர்கள்.

இவற்றைவிடப் பொல்லாதது 'தியெஸிஸெயிஸ்'. அது 16. ஆனால் 'தியேஸ் இ ஸெயிஸ்' என்றால் பத்து மணி ஆறு நிமிடம். வேகமாகச் சொன்னால் இரண்டும் ஒன்றேபோல் ஒலிக்கும். ஒரு நோயாளிக்குச் சில நிமிடங்களே ஒதுக்குகிற சுகாதார மையங்களில் 10:06 போன்ற விசித்திரமான நேரங்கள் கொடுப்பதுண்டு, ஆகவே இது வெறும் ஏட்டுச் சிக்கல் இல்லை. "தெ லா மஞானா ஓ தெ லா தார்தெ?" (காலையா, பிற்பகலா?) என்று ஒரு கேள்வி கேட்டால் முடிச்சு அவிழ்ந்துவிடும்.

படி 3: கால், அரை, முக்கால்

தமிழரை ஸ்பானிஷ் கடிகாரம் கவிழ்ப்பது இந்த இடத்தில்தான். நிதானமாகப் படியுங்கள்.

மணிக்கு முன்னால் 'லாஸ்' வரும். ஒரு மணிக்கு மட்டும் 'லா'. இன்ன மணிக்கு என்று சொல்ல அதற்கும் முன்னால் 'ஆ' சேர்க்க வேண்டும். 'ஆ லா உனா' ஒரு மணிக்கு, 'ஆ லாஸ் த்ரெஸ்' மூன்று மணிக்கு. இப்போது மணி மூன்று என்று சொல்வது 'ஸோன் லாஸ் த்ரெஸ்'. அப்பாயின்ட்மென்டுக்கு அது பயன்படாது.

மூன்றே கால் என்பது 'த்ரெஸ் இ குவார்த்தோ'. மூன்றரை 'த்ரெஸ் இ மேதியா'. இதுவரை நம் வழக்கும் அவர்கள் வழக்கும் ஒன்றாகவே போகிறது. மூன்றே முக்காலில் பாதை பிரிகிறது. நாம் கடந்துபோன மூன்றைப் பிடித்துக்கொண்டு முக்காலைச் சேர்க்கிறோம். ஸ்பெயின்காரர் வரப்போகிற நான்கைச் சொல்லி, அதிலிருந்து காலைக் கழிக்கிறார்: 'குவாத்ரோ மேனோஸ் குவார்த்தோ'. நம் காதில் முதலில் விழுவது 'குவாத்ரோ'. மூளை உடனே நாலு மணி என்று எழுதிக்கொள்ளும். பின்னால் வரும் 'மேனோஸ் குவார்த்தோ' காதில் ஏறுவதற்குள் வாய் 'ஸீ' சொல்லியிருக்கும்.

அரை மணி தாண்டிய எல்லா நேரத்துக்கும் இதே கணக்குதான். 3:40 என்றால் 'குவாத்ரோ மேனோஸ் பெயின்த்தெ', 3:50 என்றால் 'குவாத்ரோ மேனோஸ் தியேஸ்'. மணியைக் கேட்டதும் எழுதாதீர்கள். அடுத்து வருவது 'இ'யா 'மேனோஸ்'ஸா என்று கேட்ட பிறகு எழுதுங்கள்.

லத்தீன் அமெரிக்காவில் பல இடங்களில் இதையே 'குவார்த்தோ பாரா லாஸ் குவாத்ரோ', 'தியேஸ் பாரா லாஸ் குவாத்ரோ' என்பார்கள். "நாலு மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கு" என்று நாமும் சொல்கிறோமே, அதே கணக்கு.

இனி, திருப்பிச் சொல்லும் உத்தி. அவர் 'குவாத்ரோ மேனோஸ் குவார்த்தோ' என்றால் நீங்கள் அதையே கிளிப்பிள்ளையாகச் சொல்லாதீர்கள். தவறாகப் புரிந்துகொண்டும் சரியாகத் திருப்பிச் சொல்ல முடியும்! மணியையும் நிமிடத்தையும் எண்ணாகச் சொல்லுங்கள்: 'த்ரெஸ் குவாரென்த்தா இ ஸின்கோ', மூன்று நாற்பத்தைந்து. மனதில் 'மூணே முக்கால்' என்று மாற்றிக்கொண்ட பிறகே இது வாயில் வரும். நீங்கள் புரிந்துகொண்டதைத்தான் இப்போது அவர் சரிபார்க்கிறார்.

படி 4: பிற்பகல் எங்கே தொடங்குகிறது

காலை 'தெ லா மஞானா', பிற்பகலும் மாலையும் 'தெ லா தார்தெ', இரவு 'தெ லா நோச்செ', நள்ளிரவுக்குப் பிந்திய விடியற்பொழுது 'தெ லா மத்ருகாதா'. பாடப்புத்தகத்தில் இவ்வளவுதான் இருக்கும். ஸ்பெயினில் 'தார்தெ' என்பது மிக நீளமான பொழுது. மதியச் சாப்பாடு இரண்டு, மூன்று மணிக்கு; அது முடிந்து தொடங்குகிற தார்தெ எட்டு மணிவரை இழுத்துக்கொண்டு போகும். கோடையில் எட்டு மணிக்கும் வெயில் அடிப்பதால் 'லாஸ் ஓச்சோ தெ லா தார்தெ' என்று கேட்டால் வியக்க வேண்டாம்.

இதற்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. பூகோளப்படி ஸ்பெயின் இருப்பது லண்டனின் நேர மண்டலத்தில். 1940 மார்ச்சில் சர்வாதிகாரி பிராங்கோவின் அரசு கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி மத்திய ஐரோப்பிய நேரத்துக்கு மாற்றியது. பிறகு யாரும் திருப்பி வைக்கவில்லை. கோடையில் சூரியன் உச்சிக்கு வரும்போது கடிகாரம் இரண்டைக் காட்டும். அவர்கள் சாப்பாட்டு நேரத்தைப் பார்த்துத் தாமதம் என்று நாம் சொல்வதில் பாதி, கடிகாரத்தின் குற்றம்.

ஆகவே "வியாழன் தார்தெ வாருங்கள்" என்று யாராவது சொன்னால் அது நேரமே இல்லை. 'அல் மேதியோதீயா' (மதியம்) என்றாலும் அப்படித்தான். பன்னிரண்டும் ஆகலாம், சாப்பாட்டு வேளையான இரண்டும் ஆகலாம். "ஆ கெ ஓரா எக்ஸாக்தாமென்த்தெ?" (சரியாக எத்தனை மணிக்கு?) என்று கேட்டுவிடுங்கள்.

எழுத்தில் பெரும்பாலும் 24 மணிக் கணக்கு. குறுஞ்செய்தியில் 17:30 என்று வந்ததை அதே அலுவலர் வாயால் 'ஸின்கோ இ மேதியா' என்பார். அதனால் உங்கள் திருப்பிச் சொல்லலுக்கு 24 மணி எண்ணைப் பயன்படுத்தலாம். 'தியெஸிஸியெத்தெ த்ரெயின்த்தா' (17:30) என்றால் காலையா மாலையா என்ற சந்தேகமும் கூடவே தீரும்.

படி 5: நாளைத் தேதியோடு கட்டுங்கள்

திங்கள் முதல்: லூனெஸ், மார்த்தெஸ், மியெர்கோலெஸ், ஹுவேவெஸ், பியெர்னெஸ், ஸாபதோ, தொமிங்கோ. அவர்கள் நாட்காட்டி திங்களில் தொடங்கும். ஸ்பெயினின் நாட்காட்டிகளில் புதன்கிழமைக்கு ஒற்றை எழுத்தாக 'எக்ஸ்' போட்டிருக்கும். செவ்வாயும் புதனும் ஒரே எழுத்தில் தொடங்குவதால் இந்த ஏற்பாடு. அச்சுப்பிழை என்று நினைத்துவிடாதீர்கள்.

'மஞானா' என்றால் நாளை, காலை இரண்டும்தான். 'மஞானா போர் லா மஞானா' என்றால் நாளைக் காலை. நாளை மறுநாள் 'பஸாதோ மஞானா'.

'எல் ப்ரோக்ஸிமோ ஹுவேவெஸ்' என்றால் வருகிற வியாழனா, அதற்கு அடுத்ததா? நம் வீட்டில் 'அடுத்த வியாழன்' கிளப்பும் அதே சண்டையை அங்கும் கிளப்பும். கிழமையோடு தேதியையும் சேர்த்துச் சொல்வதுதான் மருந்து: 'ஹுவேவெஸ், தீயா கத்தோர்ஸெ', வியாழன், 14ஆம் தேதி.

இன்னொரு வினோதக் கணக்கு: ஒரு வாரத்தை 'ஓச்சோ தீயாஸ்' (எட்டு நாள்), இரண்டு வாரத்தை 'கின்ஸெ தீயாஸ்' (பதினைந்து நாள்) என்பார்கள். இன்றைய நாளையும் சேர்த்து எண்ணுகிற வழக்கம் அது. 14ஆம் தேதி வியாழன் அன்று, "பதினைந்து நாள் கழித்து வாருங்கள்" என்று மருத்துவர் சொன்னால் அது 28, இரண்டு வாரம் தள்ளி வரும் வியாழன். 29 அல்ல.

படி 6: போனில் பேசுவது

ஸ்பெயினில் போனை எடுத்ததும் 'தீகாமெ' (சொல்லுங்கள்) என்பார்கள். மெக்சிகோவில் 'புவெனோ', கொலம்பியாவில் 'அலோ'. முன்பின் தெரியாதவரிடம் 'உஸ்தேத்' வடிவில் பேசுங்கள். அது நம் 'நீங்கள்'. ஸ்பெயினில் வரவேற்பாளர் உங்களை 'நீ' வடிவமான 'தூ' போட்டுப் பேசினால் மரியாதைக் குறைவு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்; அங்கே அது சகஜம்.

— தீகாமெ?

— புவெனோஸ் தீயாஸ். கெரீயா கொன்ஃபிர்மார் மி ஸீத்தா. (காலை வணக்கம். என் அப்பாயின்ட்மென்டை உறுதிசெய்ய வேண்டும்.)

— ஆ நோம்ப்ரெ தெ கியென்? (யார் பெயரில்?)

— தெ கார்த்திக்.

— ஸீ. எல் ஹுவேவெஸ், ஆ லாஸ் குவாத்ரோ மேனோஸ் குவார்த்தோ.

— எந்தோன்ஸெஸ், ஹுவேவெஸ் கத்தோர்ஸெ, ஆ லாஸ் த்ரெஸ் குவாரென்த்தா இ ஸின்கோ தெ லா தார்தெ. எஸ் கொர்ரெக்தோ? (அப்படியென்றால் வியாழன் 14, பிற்பகல் மூன்று நாற்பத்தைந்து. சரிதானே?)

— எஸோ எஸ். (அதேதான்.)

— பெர்ஃபெக்தோ. முச்சாஸ் க்ராஸியாஸ்.

'எந்தோன்ஸெஸ்' என்ற அந்த ஒரு சொல்லை மறக்காதீர்கள். அதைக் கேட்டதும் எதிர்முனைக்காரர், இவர் திருப்பிச் சொல்லப் போகிறார் என்று காதைத் தீட்டிக்கொள்வார்.

புரியவில்லை என்றால் "மெ லோ புவெதெ ரெப்பெத்தீர், போர் ஃபவோர்?" (மறுபடி சொல்ல முடியுமா?). வேகம் அதிகமென்றால் "மாஸ் தெஸ்பாஸியோ, போர் ஃபவோர்". ஆனால் இரண்டு முறைக்கு மேல் 'மறுபடி' கேட்டாலும் அதே வேகத்தில் அதே வாக்கியம்தான் வரும். அப்போது "ஆ லாஸ் தோஸ் ஓ ஆ லாஸ் தோஸெ?" (இரண்டுக்கா, பன்னிரண்டுக்கா?) என்று இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்படி கேளுங்கள். பதில் ஒரே சொல்லில் வரும்.

நேரம் ஒத்துவராவிட்டால் "நோ புவெதோ ஆ எஸா ஓரா" (அந்த நேரத்துக்கு முடியாது), "தியெனெ ஆல்கோ மாஸ் தார்தெ?" (இன்னும் தாமதமாக ஏதாவது இருக்கிறதா?). மாற்ற 'காம்பியார் லா ஸீத்தா', ரத்து செய்ய 'அனுலார் லா ஸீத்தா'. புது நேரம் கிடைத்ததும் மறுபடி எந்தோன்ஸெஸ்.

படி 7: பெயரை எழுத்துக்கூட்டுதல்

ஸ்பெயினில் ஒவ்வொருவருக்கும் இரண்டு குடும்பப் பெயர்கள். முதலாவது பெரும்பாலும் தந்தை வழி, இரண்டாவது தாய் வழி. விண்ணப்பத்திலும் இரண்டு கட்டங்கள் இருக்கும். இனிஷியலோடு வாழ்கிற நமக்கு அவற்றில் எதை எழுதுவது என்று தெரியாது. பாஸ்போர்ட்டில் உள்ளபடி, ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி எழுதுவது ஒன்றே வழி. ஒரு இடத்தில் அப்பா பெயரை முன்னால் போட்டு இன்னோர் இடத்தில் பின்னால் போட்டால், போனில் தேடும் அலுவலருக்கு உங்கள் பதிவு அகப்படாது.

"மெ லோ தெலெத்ரேயா?" என்று கேட்டால் எழுத்துக்கூட்டச் சொல்கிறார் என்று அர்த்தம். ஆங்கில எழுத்துப் பெயர்கள் அங்கே உதவாது. கார்த்திக் என்பவர் தன் பெயரை 'கா, ஆ, எர்ரெ, தெ, ஆச்செ, ஈ, கா' என்று சொல்ல வேண்டும். அந்த 'ஆச்செ' ஸ்பானிஷில் ஒலிக்காத எழுத்து. நம் பெயர்களில் அது அடிக்கடி வருவதால் தவறாமல் சொல்லுங்கள், இல்லாவிட்டால் எழுத மாட்டார்கள். உங்கள் பெயரை மட்டும் இப்படி மனப்பாடம் செய்துகொண்டால் போதும். அதுவும் சரிப்படாவிட்டால் 'நூமெரோ தெ பஸபோர்த்தெ' என்று பாஸ்போர்ட் எண்ணுக்குத் தாவிவிடலாம்.

படி 8: எழுத்தில் ஒரு சாட்சி

அரசு அலுவலகங்கள் நேரம் குறித்ததற்கு 'ஹுஸ்திஃபிகாந்த்தெ' என்ற சான்றுத் தாளைத் தரும், அச்சிட்டு வைத்துக்கொள்ளுங்கள். தனியார் மருத்துவமனை, வீட்டு முகவர், முடிதிருத்தகம் போன்றவர்களுடன் வாட்ஸ்அப்பே போதும். "கொன்ஃபிர்மோ மி ஸீத்தா, ஹுவேவெஸ் கத்தோர்ஸெ, ஆ லாஸ்…" என்று தொடங்கி 15:45 என எண்ணால் எழுதி, 'க்ராஸியாஸ்' போட்டு முடியுங்கள். எழுத்துக்கூட்டல் தெரியாவிட்டால் போனின் விசைப்பலகையில் ஸ்பானிஷைச் சேர்த்து வாயால் சொல்லித் தட்டச்சு செய்யலாம். போன் சரியாக எழுதினால் உங்கள் உச்சரிப்பும் தேறிவிட்டது.

படி 9: 'சுமார்' என்ற நேரம்

நண்பர்கள் ஸீத்தா என்று சொல்ல மாட்டார்கள். 'கெதாமோஸ் ஆ லாஸ் நுவேவெ' (ஒன்பதுக்குச் சந்திப்போம்) என்பார்கள். 'ஸோப்ரெ லாஸ் நுவேவெ', 'ஆ எஸோ தெ லாஸ் நுவேவெ' இரண்டும் சுமார் ஒன்பது மணி. இதைப் போய் நிமிடக் கணக்கில் உறுதிசெய்யக் கிளம்பினால் நம்மைத்தான் விசித்திரமாகப் பார்ப்பார்கள். மெக்சிகோவில் 'அஓரீத்தா' (இப்போதே) என்பது ஐந்து நிமிடமும் ஆகலாம், நாளையும் ஆகலாம். பெருவில் தாமதம் ஊர் வழக்கமாகிப் போனதால் 2007 மார்ச்சில் அரசே 'லா ஓரா ஸின் தெமோரா' (தாமதமில்லா நேரம்) என்று ஒரு பிரசாரம் நடத்தியது. உண்மையிலேயே நேரத்துக்கு வர வேண்டுமென்றால் அங்கே சேர்க்கிற சொல் 'ஓரா இங்லேஸா', ஆங்கிலேயர் நேரம். எல்லா நாட்டிலும் செல்லுபடியாவது 'என் புந்த்தோ': ஒன்பது என்றால் ஒன்பதே.

படி 10: வீடியோ அழைப்பென்றால் யார் கடிகாரம்?

சென்னையிலிருந்தோ யாழ்ப்பாணத்திலிருந்தோ ஸ்பெயினின் நேர்காணலுக்கு உட்காருபவர், மணியோடு 'ஓரா பெனின்ஸுலார்' (தீபகற்ப நேரம்) என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும். கனேரித் தீவுகள் ஒரு மணி நேரம் பின்தங்கியவை. ஸ்பெயின் வானொலியில் நேரம் சொல்லும்போதெல்லாம் 'கனேரியில் ஒரு மணி குறைவு' என்பதும் கூடவே வரும். ஸ்பெயினின் பெருநிலம் நமக்குக் குளிர்காலத்தில் நாலரை மணி நேரமும் கோடையில் மூன்றரை மணி நேரமும் பின்னால். மார்ச், அக்டோபர் மாதங்களின் கடைசி ஞாயிறுகளில் இது மாறும். கொலம்பியா ஆண்டு முழுக்கப் பத்தரை மணி நேரம் பின்னால். போகோத்தாவில் வியாழன் மாலை ஐந்து என்றால் நமக்கு வெள்ளி அதிகாலை மூன்றரை. கிழமையே மாறிப்போவதால் "ஓரா தெ எஸ்பாஞா ஓ ஓரா தெ லா இந்தியா?" என்று கேட்டு, இரண்டு நேரத்தையும் ஒரே செய்தியில் எழுதி அனுப்புவது நல்லது. இலங்கையும் இந்திய நேரத்திலேயே இருப்பதால் யாழ்ப்பாணத்துக்கும் இதே கணக்கு.

அங்கே போய்ச் சேர்ந்த பிறகு

தாமதமாகும் என்று தெரிந்தால் வழியிலேயே கூப்பிடுங்கள்: "யேகோ தியேஸ் மினூத்தோஸ் தார்தெ. மெ புவெதென் அத்தெந்தெர்?" (பத்து நிமிடம் தாமதமாக வருகிறேன். பார்ப்பீர்களா?). மருத்துவமனை பெரும்பாலும் ஒத்துக்கொள்ளும். அரசு அலுவலகத்தில் அந்த எதிர்பார்ப்பு வேண்டாம், கால் மணி முன்னதாகவே போய்விடுங்கள்.

சுகாதார மையத்தின் காத்திருப்பு அறையில் வரிசை என்று எதுவும் கண்ணுக்குத் தெரியாது. மருத்துவர் எப்படியும் தாமதமாகத்தான் ஓடிக்கொண்டிருப்பார். உட்கார்ந்திருப்பவர்கள் தங்களுக்குள் நேரத்தைக் கேட்டு முறையை ஒழுங்குபடுத்திக்கொள்வார்கள். பக்கத்து இருக்கைப் பாட்டி உங்கள் பக்கம் திரும்பி "உஸ்தேத், ஆ கெ ஓரா தியெனெ?" (உங்களுக்கு எத்தனை மணிக்கு?) என்பார். "ஆ லாஸ் த்ரெஸ் குவாரென்த்தா இ ஸின்கோ" என்று நீங்கள் சொன்னால், அவர் "ஆ, மேனோஸ் குவார்த்தோ" என்று தலையசைத்துவிட்டு, உங்களுக்கு முன்னால் யார் என்று விரலால் காட்டுவார்.